நெல்டா க்ராப்ட்ரீயின் ஊதாத் தகடு

எங்கள் கவுண்டி அலுவலகத்தில் இரண்டு ஜன்னல்கள். இடது ஜன்னலில் வண்டிக்கு நம்பர் பிளேட் கொடுப்பார்கள். வலது ஜன்னலில் கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் வாங்க வேண்டிய லைசென்ஸ் கொடுப்பார்கள். கொடுப்பார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டிலும் இருப்பது ட்ரீவா என்கிற நான் ஒருத்திதான். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. காலால் ஓர் உந்து உந்தினால் இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குப் போய்விடலாம். டென்னசியின் இந்த மலைமூலையில் இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியாமல் எவரும் புது வண்டி ஓட்டியதும் இல்லை, புதுப் பெண்டாட்டி கட்டியதும் இல்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். ஆனால் நெல்டாக்காவின் கதையைச் சொல்ல இந்த நாற்காலி வேண்டும்.

நெல்டா க்ராப்ட்ரீ என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஐந்தடி உயரம், அதில் பாதி வாய். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவளிடம் ஒருமுறையாவது "உக்காருடா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான், இப்போதைய ஷெரீப் உட்பட. வாய் நீளமே தவிர, அந்த வாயில் பொய் மட்டும் வராது. பேருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், "நான் தூங்கிட்டேன், அதான்" என்று ஹெட்மாஸ்டரிடமே சொல்லுவாள்.

அவள் புருஷன் ஹோபர்ட், புகையிலையும் வைக்கோல் புல்லும் பயிரிட்ட மனுஷன். பத்தொன்பது வயதில் வியட்நாமுக்குப் போய், இருபது வயதில் ஒரு சின்னப் பெட்டியோடு திரும்பி வந்தவர். பெட்டிக்குள் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம். போரில் எதிரியின் கையால் காயம் பட்டவனுக்குக் கொடுக்கிற ஊதா நிறப் பதக்கம் அது. பெட்டியைக் காலுறை வைக்கிற இழுப்பறையில் போட்டு மூடியவர், அதன்பிறகு அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. எங்கே பட்டது என்று யாராவது கேட்டால், "ஓரமா" என்பார். அவ்வளவுதான் பதில்.

தீவனக் கடை வாசலில் ஒரு நீள பெஞ்சு உண்டு. அதில் நாலைந்து கிழவர்கள் காலையிலிருந்து மதியம்வரை காப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் பழைய பட்டாளத்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் அர்லிஸ். அந்த பெஞ்சு ஒருநாள் கூடி, ஹோபர்ட்டுக்கு நெஞ்சில்தான் பட்டிருக்க வேண்டும், இதயத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, என்று முடிவு செய்தது. ஹோபர்ட் மறுக்கவில்லை. அதனால் அதுவே ஊர் வரலாறு ஆகிவிட்டது.

காயம்பட்ட வீரர்களுக்கென்று தனி நம்பர் பிளேட் உண்டு. ஊதாப் பதக்கம் அச்சடித்தது. ஹோபர்ட் அதை வாங்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நெல்டா விடுவாளா? பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த அவருடைய பட்டாள விடுவிப்புத் தாளை எடுத்தாள். என்னுடைய விண்ணப்பப் படிவத்தை வைக்கோல் காப்பீட்டுத் தாள்களுக்கு நடுவே செருகினாள். மனிதர் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். அன்றைக்கு என் ஜன்னலுக்கு வந்தது ஒழுங்கான கையெழுத்து, ஒழுங்கான தாள். நான் தகட்டைக் கொடுத்துவிட்டேன்.

ஹோபர்ட்டின் பச்சை பிக்கப் வண்டியில் அவளே அதை மாட்டினாள்; எங்கள் மாநிலத்தில் வண்டிக்குப் பின்னால் மட்டும்தான் தகடு. மூன்று வாரம் அவர் கவனிக்கவே இல்லை. தீவனக் கடை வழியாகப் போனால் பெஞ்சு மொத்தமும் இரண்டு விரலால் தொப்பியைத் தொடுகிறது. பெட்ரோல் போடுகிற இடத்தில் தாடி வைத்த இளவட்டங்கள் 'சார்' என்கிறார்கள். மளிகைக் கடை வாசலை ஒட்டி ஊதா வண்ணம் அடித்த ஓர் இடம், காயம்பட்டவர்கள் வண்டி நிறுத்த மட்டும். அதில் தெரியாமல் நிறுத்தினாலும் யாரும் திட்டவில்லை.

"என்னடி, இந்த ஊரு திடீர்னு திருந்திருச்சா?" என்று வீட்டில் வந்து கேட்டிருக்கிறார்.

"நல்லவங்க ரொம்ப நாள் கெட்டவங்களா இருக்க முடியாதுல்ல," என்று இவள் சோளரொட்டியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவள் கணக்கில் பொய் ஆகாது.

பின்விளக்கு எரியவில்லை என்று ஒருநாள் வண்டிக்குப் பின்னால் குனிந்தபோதுதான் ஹோபர்ட் பார்த்தார். நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் திருப்புளியோடு வெளியே போனார். கழற்றப் போகிறார் என்று நெல்டா ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். தளர்ந்திருந்த ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது," என்று உள்ளே வந்தார்.

பத்து வருடம் அந்தத் தகட்டோடு ஓட்டினார். பிறகு ஒரு மார்ச் மாதத்தில், டிராக்டரில் ஏறப் போனவர் ஏறாமலேயே போய்விட்டார்.

வண்டியை அவள் பெயருக்கு மாற்ற வந்தபோது நான் விதியைப் படித்துக் காட்டினேன். காயம்பட்ட வீரர் இறந்தால் அவர் மனைவி அந்தத் தகட்டை வைத்துக்கொள்ளலாம், மறுமணம் செய்துகொள்ளாத வரை. செய்துகொண்டால் தகட்டை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வரும்போது நான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

"மறுமணம் பண்ணிக்கிட்டீங்களாக்கா?"

"அவரோட பூட்ஸு இன்னும் கதவோரத்துல கெடக்குடி. அதைத் தாண்டி எவன் உள்ள வருவான்?"

மறுவருடம் கேட்டேன். "உனக்கு யாரையாவது தெரியுமா? கேள்விப்பட்டா சொல்லு," என்றாள். மூன்றாம் வருடம், "ராத்திரியிலயும் கண்ணு தெரிஞ்சு வண்டி ஓட்டுற வயசுல ஒருத்தன் கெடைச்சா பாக்கலாம்," என்றாள். நான் சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவேன். நாலாம் வருடம் கேட்டபோது கைப்பையை மூடிக்கொண்டே, "இன்னும் இல்ல," என்றாள்.

அந்த 'இன்னும்' என் காதில் முள்ளாகக் குத்தியது. முழு விவரம் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை நாள் ஆனது. இவ்வளவு நேரம் எடுத்ததில் எனக்கே வெட்கம்தான்.

ஆள் டாயல் பிக்கெட். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். கட்டிய மனைவி இறந்து அப்போதே பன்னிரண்டு வருடம். இடது காது பிறவியிலேயே செவிடு. அதனால்தான் அந்தக் காலத்தில் பட்டாளத்தில் எடுக்கவில்லை. செவிடர்களுக்கே உரிய வழக்கப்படி, எதிரே இருப்பவருக்கும் காது கேட்காது என்று நினைத்துப் பேசுவார். நெல்டாவின் புல்வெட்டியைப் பார்க்க வந்தவர், அவித்த பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டுப் போனார். மறுவாரம் புல்வெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதும் வந்தார்.

தினம் மாலையில் வருவார். சாப்பாட்டு மேசையில் நெல்டா ஹோபர்ட்டைப் பற்றியே பேசுவாள். இவர் நல்ல காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பார். எட்டரைக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் தள்ளியிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டார், ஒருமுறை அல்ல, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அவள் சொன்னது ஒன்றுதான்: "தகடு போயிரும் டாயல்."

அவர் ஹோபர்ட்டின் வண்டியை ஓட்டியதே இல்லை. இவள் ஓட்ட, பக்கத்தில் உட்காருவார். மளிகைக் கடைக்குப் போனால், அந்த ஊதா இடத்துக்கு வண்டி திரும்புவதற்கு முன்பே இறங்கிவிடுவார். அந்த மனுஷன் ரத்தம் சிந்தி வாங்கிய இடத்தில் என் காலை வைக்க மாட்டேன் என்று, மழையானாலும் தொலைவிலிருந்து நடந்தே வருவார்.

ஒருநாள் டிரெய்லருக்குத் தகடு வாங்க என் இடது ஜன்னலுக்கு வந்தார். பேச்சு என்னவோ வலது ஜன்னலைப் பற்றித்தான்.

"ட்ரீவா, அந்தக் கல்யாணத் தாளு எத்தனை நாளைக்குச் செல்லும்?"

"முப்பது நாள். மெதுவா பேசுங்க, வரிசையில ஆள் நிக்கிறாங்க."

"மெதுவாத்தான் பேசுறேன்," என்று கட்டடம் அதிரச் சொன்னார். "உசுரோட இருக்குறவன் போட்டிக்கு வந்தா ஒரு கை பாக்கலாம். நான் ஒரு தகரத்துக்கிட்ட தோத்துட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தத்தம் தாள்களை மிகக் கவனமாகப் படித்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? சர்ச்சில் விருந்துச் சாப்பாட்டின்போது போதகரின் மனைவி நெல்டா பெக்கன் பருப்புப் போட்டுச் சுட்டு வந்த இனிப்புத் தட்டைத் தள்ளி வைத்து, "ஊர் வாய்க்கு மூடி இல்லம்மா," என்றாளாம். "எட்டரைக்குக் கிளம்பிப் போற ஆம்பளையைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன இருக்கு? பத்தரைன்னா ஒரு ருசி இருக்கும்," என்று இவள் தட்டை மறுபடி நடுவில் வைத்தாளாம். அர்லிஸ் யோசனை சொன்னார்: அடுத்த மாநிலத்துக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், ட்ரீவாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் மனசு இளகிவிட்டது. விதியை நான் மீறுகிறவள் இல்லை. ஆனால் விதி எப்போது கண்ணயரும் என்று தெரியும். ஆறாம் வருடம் புதுப்பிக்க வந்தவளிடம் ஒன்றும் கேட்காமல் முத்திரையை எடுத்தேன்.

"கேளுடி," என்றாள்.

"பரவாயில்லக்கா."

"கேளு. நீ கேக்காம விட்டா நான் மறைச்சதா ஆயிரும்."

கேட்டேன். "இல்ல," என்றாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த பெஞ்சுக்காரங்க தொப்பியைத் தொடுறாங்கல்ல, ட்ரீவா. அந்த ஒரு நிமிசம் அவர் வண்டியில இருக்குற மாதிரியே இருக்கு. நானே கையெழுத்துப் போட்டு அவரை எறக்கி விடணுமா?"

எனக்கு டாயல் மேல் பரிதாபம், அவள் மேலும் பரிதாபம், அந்த விதியை எழுதியவன் மேல் மட்டும் கோபம். முத்திரையைக் குத்தினேன்.

ஏழாம் வருடம் நெல்டாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. இரண்டு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். பக்கத்து ஊருக்கு மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். டாயலின் வண்டியோ என்ஜினை இறக்கி வைத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் மனிதர் ஹோபர்ட்டின் பிக்கப்பில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கோழித் தீவனம் வாங்கப் போயிருந்தேன். இல்லையென்றால் இதை வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயால் கேட்டுச் சாக வேண்டியிருந்திருக்கும்.

பச்சை வண்டி வந்தது. பெஞ்சு வழக்கம்போல இரண்டு விரலைத் தொப்பிக்குக் கொண்டுபோனது. வண்டி நடுரோட்டில் நின்றது. டாயல் கண்ணாடியை இறக்கினார்.

"எனக்கு இல்ல," என்று கத்தினார். "நான் பட்டாளத்துப் பக்கமே போனதில்ல. காது டமாரம். இது ஹோபர்ட் க்ராப்ட்ரீயோட தகடு."

"தெரியும்யா. போ," என்றார் அர்லிஸ்.

"தெரிஞ்சா எனக்கெதுக்கு சல்யூட் அடிக்கிற?"

"உனக்கு எவன் அடிச்சான்? வண்டிக்கு அடிச்சேன்."

"வண்டிக்கு எதுக்கு? வண்டியா காயம் பட்டுச்சு?"

பின்னால் இரண்டு லாரிகள் வந்து நின்றன. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த நெல்டா, "டாயல், வண்டியை எடு," என்றது எனக்குக் கேட்டது. அவள் உட்கார்ந்திருந்தது அவருடைய நல்ல காதுப் பக்கம்தான். ஆனால் அன்று இரண்டு காதும் செவிடாகிவிட்டன.

அர்லிஸுக்குச் சுருக்கென்றது. "நெஞ்சுல குண்டு வாங்குனவன் தகடு அது. அதுக்கொரு மரியாதை இருக்கு."

"நெஞ்சுலயா? யாரு சொன்னா? குண்டியில."

தீவனக் கடைக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"நெசமாத்தான். எடது குண்டியில அஞ்சு குண்டுச்சில்லு. ரெண்டு மாசம் குப்புறப் படுத்துக் கெடந்தாரு. ஏன் அங்க பட்டுச்சுன்னு கேளு. கூட வந்த பையன் ஒருத்தன் அடிபட்டு விழுந்துட்டான். எல்லாரும் ஓடுறாங்க. இவரு திரும்பிப் போய்க் குனிஞ்சு அவனைத் தூக்குனாரு. குனிஞ்சதுலதான் பட்டுச்சு. அந்தப் பையன் இன்னிக்கும் ஓஹயோவுல பேரன் பேத்தியோட இருக்கான். வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு நெல்டாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்புறான். இதெல்லாம் தகட்டுல எழுதியிருக்கா? பேராவது எழுதியிருக்கா? அப்புறம் தகட்டைப் பாத்து என்ன சல்யூட்டு?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். நெல்டா இருக்கையில் சரிந்து சரிந்து, வெளியிலிருந்து பார்த்தால் அவள் தலைகூடத் தெரியவில்லை. நெஞ்சில் காயம் என்று ஐம்பது வருடம் நம்பிய பெஞ்சு, வாயைப் பிளந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹோபர்ட் ஏன் வாயே திறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கே பட்டது என்பதை மறைக்கப் போய், எதற்காகப் பட்டது என்பதையும் சேர்த்து மறைத்துவிட்டார், பாவம்.

டாயல் அதோடு விட்டாரா? பெட்ரோல் நிலையத்தில் ஒருவன் 'சார்' என்றான், அவனுக்கு முழுக்கதை. டாக்டர் வாசலில் ஒருவர் கைகொடுத்தார், அவருக்கும். கதவைத் திறந்துவிட்ட சின்னப் பெண்ணுக்குக் குண்டி என்பதை மட்டும் 'பின்பக்கம்' என்று மாற்றிச் சொன்னாராம். பதினொரு மைல் தூரம், போகவர மூன்றரை மணி நேரம்.

நெல்டா அவரோடு நாலு நாள் பேசவில்லை. சாப்பாட்டுக்கு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். சரி, இனி இந்த வலது ஜன்னலில் அவர்கள் பெயரை எழுத எனக்கு வாய்ப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை, அலுவலகம் திறந்ததும் நெல்டா வந்தாள். கண்ணில் இன்னும் கறுப்புக் கண்ணாடி. பின்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டாயல். இடது ஜன்னலில் ஒரு பாத்திரம் துடைக்கிற துணியை வைத்துப் பிரித்தாள். உள்ளே ஊதாத் தகடு, நாலு திருகாணிகளோடு. கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

"புதுப்பிக்க இன்னும் அஞ்சு மாசம் இருக்கேக்கா," என்றேன்.

"நீ கேக்க வேண்டியதைக் கேளு."

"மறுமணம் பண்ணிக்கிட்டீங்களா?"

"இல்ல. நாற்காலியை அந்தப் பக்கம் தள்ளு."

நான் தள்ளவில்லை. என் குணம் எனக்குத் தெரியும், காரணம் தெரியாமல் கால் நகராது. அவளுக்கும் அது தெரியும்.

"ஏழு வருசமா அந்தத் தகட்டை ஊர்வலம் விட்டேன் ட்ரீவா," என்றாள். "ஒருத்தனாவது அவர் பேரை வாயால சொன்னானா? தகரத்தைப் பாத்தான், தொப்பியைத் தொட்டான், போனான். இந்தக் கிறுக்கன் ஒரே நாள்ல முப்பது பேருகிட்ட சொல்லிட்டான். என் மானத்தை வாங்குனான், அது வேற. ஆனா ஹோபர்ட்டு ஊருக்குள்ள இறங்கி நடந்தாரு அன்னிக்கு."

சொல்லும்போதே கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கியது. அறுவை செய்த கண் என்றால் அப்படித்தான் வடியும் என்று என்னைப் பார்த்து முறைத்தாள். நான் நாற்காலியை வலது ஜன்னலுக்கு உந்தினேன். என் கண்ணும் வடிந்தது. எனக்கு அறுவை ஒன்றும் நடக்கவில்லை.

"மணமகன் பெயர்?" என்றேன்.

"என்ன கேக்குறா?" என்றார் டாயல், அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி.

வண்டிக்கு எல்லோரையும் போல ஒரு சாதாரணத் தகடு கொடுத்தேன். திருப்பி வாங்கிய தகடுகளை மாதக் கடைசியில் மூட்டை கட்டி அழிக்க அனுப்ப வேண்டும். அந்த மாத மூட்டையில் ஒன்று குறைந்தது. தீவனக் கடைச் சுவரில், அந்த பெஞ்சுக்கு நேர் மேலே, ஹோபர்ட் க்ராப்ட்ரீ என்று பெயர் எழுதி ஓர் ஊதாத் தகடு தொங்குகிறதே, அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

கல்யாணம் முடிந்த மறு சனிக்கிழமை பச்சை வண்டி கடைவீதிப் பக்கம் வந்தது. டாயல் ஓட்ட, நெல்டா பக்கத்தில். தகட்டில் பதக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. நெல்டா பெஞ்சுப் பக்கம் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். அர்லிஸ் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். தொப்பிப் பக்கம் ஒரு கைகூடப் போகவில்லை. நாலு பேரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடது பின்பாக்கெட்டை இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

நெல்டா எட்டி, ஹாரனை இரண்டு முறை அடித்தாள்.